நிம்பஸ் 26: குதிகால் ஒருவழியாக வழிக்கு வந்தது

ஞாயிற்றுக்கிழமை சென்னை பெசன்ட் நகரிலிருந்து கிளம்பி நேப்பியர் பாலம் வரை போய், திரும்பும் வழியில் இன்னும் கொஞ்சம் சுற்றி இருபத்தாறு கிலோமீட்டர். ஷூவைக் கழற்றினால் குதிகாலில் ஒரு சிவப்புத் தடம்கூட இல்லை. இத்தனை மாதமாக லாங் ரன் முடிந்தால் குதிகாலில் டேப்பும் கொப்புளமுமாகத்தான் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறேன். பெருமையடித்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன், மறைப்பானேன்.

ஷூ: ஏசிக்ஸ் ஜெல் நிம்பஸ் 26. 2024 மாடல். 27 வந்ததும் இதன் விலை இறங்கும் என்று காத்திருந்து வாங்கியது. மெத்தை ஷூக்களில் பழைய மாடலுக்கும் புது மாடலுக்கும் என் கால் பெரிதாக வித்தியாசம் கண்டுபிடித்ததில்லை. பர்ஸ் மட்டும் உடனே கண்டுபிடித்துவிடும். சோல் தடிமன் குதிகால் பக்கம் 41.5 மில்லிமீட்டர், முன்பக்கம் 33.5, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது டிராப், 8. சாலைப் போட்டிகளுக்கு உலகத் தடகள அமைப்பு சோல் தடிமனுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 40 மில்லிமீட்டர். கணக்குப்படி பார்த்தால் இது சட்டவிரோத ஷூ. நான் ஃபினிஷ் லைனைத் தொடும் நேரத்தில் அளவுகோலோடு யாரும் நிற்கப் போவதில்லை, அது வேறு விஷயம்.

ரெகவரி ரன்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. லாங் ரன்னுக்கு மறுநாள், மாடிப்படி இறங்கும்போதே கெண்டைக்கால் முனகுகிற காலையில், இதை மாட்டிக்கொண்டு தியோசாபிகல் சொசைட்டி பக்கம் மெதுவாக ஒரு ஆறு கிலோமீட்டர் போனால் சுகம். எனக்கு இதில் மெத்தையைவிட டிராப்தான் முக்கியம். ஹோகா கிளிஃப்டன் 9 மாதிரி 5 மில்லி டிராப் ஷூவில் கெண்டைக்காலுக்கும் அதன் கீழே இருக்கும் தசைநாருக்கும் வேலை கூடுதல். முந்தின நாள் அடி வாங்கிய கெண்டைக்கால் அந்தக் கூடுதலைத் தாங்காது. 8 மில்லியில் குதிகால் கொஞ்சம் உயர்ந்து நிற்பதால் அந்த இழுப்பு குறைகிறது. ரெகவரி ரன்னுக்கு பாஸ். அந்தப் பஞ்சாயத்து முடிந்தது.

லாங் ரன்தான் தகராறு. அதிலும் சென்னை லாங் ரன். காலை நாலரைக்கே இருபத்தேழு டிகிரி, காற்றில் ஈரப்பதம் தொண்ணூறை நெருங்கி நிற்கும். முதல் ஒரு மணி நேரம் எந்த ஷூவும் நல்ல ஷூதான். கலங்கரை விளக்கத்தில் மெட்ரோ வேலைக்குப் போட்ட தடுப்பைத் தாண்டும்போது முழங்காலிலிருந்து வழிகிற வியர்வை சாக்ஸுக்குள் இறங்க ஆரம்பிக்கும். பதினைந்து தாண்டினால் ஒவ்வொரு அடிக்கும் சளக், சளக். இது எந்தக் கம்பெனி ஷூவுக்கும் நடப்பதுதான், ஊர் அப்படி. கடைக்குள் ட்ரெட்மில்லில் நாலு நிமிஷம் ஓட்டிப் பார்த்து ஷூ எடுப்பதில் இந்த ஊரில் பாதிதான் தெரியும். மீதிப் பாதி பதினெட்டாவது கிலோமீட்டரில்தான் தெரியும்.

எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று பார்க்க சமையலறைத் தராசில் வைத்தேன். (வீட்டில் அதற்கு வாங்கிய திட்டைத் தனியாக எழுதலாம்.) காய்ந்திருக்கும்போது என் சைஸில் ஒரு ஷூ முந்நூறு கிராமுக்குப் பக்கம். ஓடி முடித்த கையோடு வைத்தால், சாக்ஸ் இல்லாமலே, எண்பது கிராம் போலக் கூடியிருந்தது. ஒரு ஷூவில் நூறு கிராம் ஏறினால் ஓட்டத்துக்கான ஆற்றல் செலவு ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும் என்பது ஆய்வாளர்கள் பலமுறை அளந்து பார்த்த கணக்கு. எடை குறைந்த ஷூ என்று இருபது கிராமுக்கு ஆயிரக்கணக்கில் காசு கொடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். முழங்காலிலிருந்து வழிவதைத் தடுக்க வழியில்லை. இறங்கியதைச் சீக்கிரம் வெளியே விடுகிற மெல்லிய நைலான் சாக்ஸ் போடலாம். காட்டன் சாக்ஸைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

எடையைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். ஈரமான சாக்ஸ் வழுக்கும், குதிகால் மேலே ஏறி இறங்கும், அந்த ஏற்ற இறக்கம்தான் கொப்புளம். என் கால் முன்னால் அகலம், பின்னால் ஒடுக்கம். கூட ஓடுகிற குரூப்பில் ஒரு அண்ணன் பார்த்துவிட்டு, "தம்பி, அரை சைஸ் சின்னதா எடுத்திருந்தா இந்தத் தொல்லையே இருக்காதே" என்றார். அவருக்குக் கால் வீங்காது போல. எனக்கு இரண்டு மணி நேரத்தில் பாதம் வீங்கி விரல் முன்னால் முட்டும், நகம் கறுக்கும். சைஸில் கை வைக்கக் கூடாது. அப்படியென்றால் பாக்கி இருப்பது லேஸ் மட்டும்தான்.

ஹீல் லாக் முடிச்சு எல்லோருக்கும் தெரியும். மேலே கடைசியாக, கொஞ்சம் பின்வாங்கி ஒரு உபரித் துளை இருக்குமே, அதில் லேஸை அதே பக்கமாக நேரே ஏற்றி வெளியிலிருந்து உள்ளே விட்டு ஒரு சின்ன வளையம், எதிர்ப்பக்க லேஸை அதற்குள் விட்டு இழுப்பது. தெரிந்தவர்களிலும் பாதிப் பேர் இழுப்பது மேல்நோக்கி, முழங்காலைப் பார்த்து. அப்படி இழுத்தால் நடுப்பாதம்தான் இறுகும், குதிகாலுக்கு ஒன்றும் ஆகாது. கணுக்கால் முன்பக்கம் மட்டும் எரியும். இழுக்க வேண்டியது பின்பக்கமாகவும் கீழ்நோக்கியும், தரையைப் பார்த்து. இரண்டு கையாலும் ஒரே சமயத்தில் அப்படி இழுத்தால் ஷூவின் காலர் இரண்டு பக்கமும் உள்ளே வந்து குதிகாலைக் கவ்வுவது கண்ணுக்கே தெரியும்.

அதற்கு முன்னால் குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி, ஷூவுக்குள் பின்னால் தள்ளி உட்கார வைக்க வேண்டும். விரல்களை மேலே தூக்கியபடியே, குதிகால் மட்டும் தரையில் ஊன்றியிருக்க, முடிச்சுப் போட வேண்டும். நின்றுகொண்டு குனிந்து கட்டினால் பாதம் முன்னால் சரிந்துவிடுகிறது. வாசற்படியில் உட்கார்ந்துதான் கட்டுகிறேன். பால்காரர் வேடிக்கை பார்க்கிறார், பார்க்கட்டும்.

இதிலும் ஒரு சிக்கல் மிச்சம். குதிகால் நின்றது, பாதத்தின் மேல்மேடு மரத்துப் போனது. இடது காலில் அந்த எலும்பு கொஞ்சம் புடைப்பு. பத்தாவது கிலோமீட்டரில் விரல்களுக்கு மேலே உணர்ச்சியே இல்லை. அதற்கு மருந்து ஜன்னல் லேஸ்: புடைப்பு இருக்கும் இடத்தில் மட்டும் குறுக்கே போகாமல், லேஸ் இரண்டு பக்கமும் நேராக மேலே ஏறும், அடுத்த துளையிலிருந்து மறுபடி குறுக்கு. எந்த இடத்தில் ஜன்னல் வைப்பது என்பதற்குத்தான் அத்தனை நாள் ஆனது. கீழிருந்து மூன்றாவதில் வைத்தால் ஷூ முழுக்கத் தொளதொளவென்று ஆனது. நான்காவதில் வைத்ததும் மேடு தப்பித்தது, மேலே பூட்டும் நின்றது. கீழே விரல் பக்கம் இரண்டு வரிசை தளர்வு, வீங்குவதற்கு இடம் வேண்டுமல்லவா. நடுவில் ஜன்னல், உச்சியில் இறுக்கம். ஞாயிற்றுக்கிழமை ஓடியது இந்த அமைப்பில்தான்.

ஜன்னலும் வளையமும் சேர்ந்து லேஸைத் தின்றுவிடுகின்றன. கூடவே வருகிற லேஸில் இவ்வளவும் செய்தால் முடிச்சுப் போட விரல்கடை நீளம்கூட மிஞ்சாது, இரட்டை முடிச்சை மறந்துவிடலாம். பெரியமேட்டுக்குப் போனேன். தோல் சாமான் தெரு என்றுதான் நினைப்போம். சைடன்ஹாம்ஸ் ரோட்டை ஒட்டிய சந்துகளில் சோல், இன்சோல், பசை, லேஸ் எல்லாம் தனித்தனியாகக் கிடைக்கும். ஆன்லைனில் ஒரு ஜோடி லேஸுக்குக் கேட்கிற காசில் அங்கே ஒரு கட்டே வாங்கலாம். கேட்க வேண்டியது சப்பை லேஸ். உருண்டை லேஸ் ஈரத்தில் வழுக்கி முடிச்சு அவிழும். கொஞ்சம் இழுத்தால் நீளுகிற சப்பை லேஸ்தான் பிடித்து நிற்கிறது. 140 சென்டிமீட்டர் கேட்டேன். கடைக்காரர் என் ஷூவைப் பார்த்து, "சார், இதுக்கு 120 போதுமே, 140 பூட்ஸுக்குப் போறது" என்றார். ஜன்னல், வளையம் கதையெல்லாம் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வாங்கிக்கொண்டு வந்தேன்.

அங்கேயே தனியாக விற்கிற மெல்லிய இன்சோல் ஒன்றும் கண்ணில் பட்டது. ஈரத்தில் ஊறுவது பாதி இன்சோல்தான் என்று சந்தேகம். லாங் ரன் முடிந்ததும் அதை உருவித் தனியாகப் பிழிந்தால் கணிசமாக வருகிறது. ஷூவுக்குள் பழைய தந்தி பேப்பரைச் சுருட்டித் திணித்து, ஒரு மணி நேரத்தில் ஒருமுறை மாற்றி, ஃபேன் காற்றில் வைத்தால் மறுநாள் மாலைக்குள் காயும். மொட்டைமாடி வெயிலில் வைக்காதீர்கள், பசை விடும். சோலில் இருக்கும் ஃபோமும் அமுங்கிய நிலையிலிருந்து எழுந்திருக்க ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. ஆக, ஞாயிறு லாங் ரன்னுக்கும் திங்கள் ரெகவரிக்கும் ஒரே ஜோடி என்பது காகிதத்தில் மட்டும்தான் நடக்கும். ரெகவரிக்கு இப்போது பழைய ஜோடியைத்தான் போடுகிறேன்.

இன்னொன்று. லாங் ரன்னில் கடைசி ஆறு, எட்டு கிலோமீட்டரை மாரத்தான் பேஸில், அதாவது போட்டியன்று ஓடப்போகிற வேகத்தில், ஓடச் சொல்லியிருக்கிறார் கோச். அதற்கு இந்த ஷூ தோதுப்படவில்லை, அதற்காகச் செய்ததும் இல்லை. தரை மெத்தென்றிருந்தால் உடம்பு தானாகவே காலைக் கொஞ்சம் விறைத்துக்கொள்ளும். அதனால் எவ்வளவு தடிமனோ அவ்வளவு பாதுகாப்பு என்கிற கணக்கும் அப்படியே செல்லாது. நிதானமாக இருபது போகும்வரை இதை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதற்கு மேல் வேகம் கூட்டினால் கால் புதைகிறது. ஜனவரியில் மும்பை மாரத்தான். அங்கே கடைசிப் பகுதியில் பெடர் ரோடு ஏற்றம் காத்திருக்கிறது, நமக்கோ ஏற்றம் என்றால் ஃப்ளைஓவர்தான். அதற்குள் ஏசிக்ஸிலேயே நோவாபிளாஸ்டோ சூப்பர்பிளாஸ்டோ ஒன்றை லாங் ரன்னுக்கு எடுத்துவிட்டு, நிம்பஸை முழுநேரமும் ரெகவரிக்குத் தள்ளலாம் என்று ஒரு திட்டம். நிதியமைச்சகம் இன்னும் அனுமதி தரவில்லை.

வலது காலில் இன்னும் பழைய லேஸ்தான், ஜன்னலும் இல்லை. அந்தக் காலுக்கு எலும்புப் புடைப்பு கிடையாது, வளையம் மட்டும் போதும் என்று விட்டிருக்கிறேன். இடது கறுப்பு, வலது வெள்ளை. குரூப் போட்டோவில் எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். வரும் வாரம் முப்பது கிலோமீட்டர், அதில் வலது குதிகால் தாங்கினால் பழைய லேஸே இருக்கட்டும். தாங்காவிட்டால் வாங்கி வந்த லேஸ் கட்டில் இன்னும் மிச்சம் இருக்கிறது.