மீட்டுப் பட்டான் கல்

ஊத்தங்கரையிலிருந்து செங்கம் போகும் சாலையில் வண்டியை நிறுத்தியது தண்ணீர் குடிக்கத்தான். வேப்பமரத்தடியில் இடுப்பளவு பலகைக்கல் ஒன்று, அடிப்பகுதி மண்ணுக்குள் புதைந்து நின்றது. மஞ்சளும் குங்குமமும் பூசியிருந்தார்கள். பெயர்ப்பலகை எதுவும் இல்லை.

"என்ன சாமிங்கய்யா இது?" என்று ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன்.

"வேடியப்பன், தம்பி. எங்க தாத்தா காலத்துலயும் இங்கதான் இருந்தாரு."

தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பக்கம் வேடியப்பன் என்ற பேர் காதில் விழுந்தால் நின்று பார்த்துவிடுவது என் வழக்கம். அந்தப் பேரில் கும்பிடப்படும் கற்களில் பல, பழைய நடுகற்கள்; அதாவது சண்டையில் இறந்த வீரனின் நினைவாக நட்ட கற்கள். ஆனால் அப்போது உச்சிவெயில். மேடு பள்ளம் எதுவும் பிடிபடவில்லை. சரி, சாயங்காலம் வரலாம் என்று கிளம்பினேன்.

ஐந்து மணிக்கு மேல் திரும்பி வந்தபோது வெயில் பக்கவாட்டில் விழுந்துகொண்டிருந்தது. அதே கல்லில் ஒரு ஆள் நின்றான். இடக்கையில் வில், வலக்கையில் குறுவாள், உடம்பில் தைத்த இரண்டு அம்புகள். காலடியில் ஒரு கெண்டி, மூக்கு வைத்த செம்பு. அவனுக்குப் பின்னால் ஒரு மாட்டின் முதுகு. தலைக்கு மேலே நாலைந்து வரி வட்டெழுத்து, அந்தக் காலத்தில் தமிழை எழுதிய பழைய எழுத்து. கல் பார்க்கப் போகிறவர்கள் காலையிலோ மாலையிலோ போங்கள். நிழலில் இருக்கும் கல் என்றால் டார்ச்சை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் போதும். எழுத்து தெரிய வேண்டுமென்று சுரண்டுவதும் சுண்ணாம்பு தேய்ப்பதும் வேண்டவே வேண்டாம். நூற்றாண்டுகள் தாங்கிய எழுத்து ஒரே நாளில் போய்விடும்.

எனக்கு வட்டெழுத்து தடுமாற்றம்தான். இரண்டு சொற்களை மட்டும் பிடிக்க முடிந்தது: தொறு, பட்டான். தொறு என்றால் மாட்டுமந்தை. பட்டான் என்றால் சண்டையில் விழுந்து இறந்தான். இந்த வகைக் கற்களில் வாசகம் பெரும்பாலும் ஒரே வாய்ப்பாட்டில் வரும். முதலில் அரசனின் ஆட்சியாண்டு, பிறகு இன்னார் தொறுக் கொண்ட அன்று அதை மீட்டுப் பட்ட இன்னாரின் கல் என்ற செய்தி. அரசனுக்குக் கிடைப்பது ஒரு வரி. மீதியெல்லாம் மாட்டைக் காக்கப் போய்ச் செத்த ஊர்க்காரனுக்கு. அதனால்தான் பெரிய கோயில் கல்வெட்டுகளைவிட இவற்றின் மேல் எனக்குப் பிரியம் அதிகம். செங்கம் வட்டாரத்து எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டுக் கல் ஒன்று இருக்கிறது, பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதில் வீரனோடு அவன் நாயும் உண்டு. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காவல் காத்ததை, பெயரோடு வெட்டி வைத்திருக்கிறார்கள்.

வழி சொல்லும் கற்களும் இந்த வட்டாரத்தில் உண்டு. தருமபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் 13ஆம் நூற்றாண்டுடையது. நாவற்தாவளம் என்ற ஊருக்குக் காதம் 29 என்று தூரத்தைச் சொல்கிறது; காதம் என்பது பழைய தூர அளவு. எண்ணுக்குக் கீழே இரண்டு பெரிய குழி, ஒன்பது சின்னக் குழி. எழுத்து தெரியாத வழிப்போக்கன் குழிகளைத் தடவியே எண்ணிக்கொள்ளலாம். இதைச் செய்யச் சொன்ன மனசை நினைத்தால் எனக்கு இன்றும் நெகிழ்ச்சிதான்.

அப்புறம், ஆடுகளை ஓட்டிக்கொண்டு பெரியவர் திரும்பி வந்தார். வில்லையும் அம்பையும் மாட்டின் முதுகையும் தொடாமல் காட்டினேன். களவு போன மாட்டை மீட்கப் போய்ச் செத்தவர் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மாட்டுக்காகச் செத்தவரா? அப்போ மாட்டுப் பொங்கலன்னிக்கு மாட்டை இங்க ஓட்டிட்டு வரணுமே, தம்பி" என்றார்.