கொழுக்கட்டை மாவும் காலிப்பரும்

2024 ஆகஸ்ட் 3, சனி

ஆடியில் புதுசாக எதையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று அப்பத்தா சொல்லும். பதினெட்டாம் பெருக்கன்று வாங்கினால் பெருகும் என்பதும் அதே அப்பத்தா சொன்னதுதான். அதனால் மதுரையில் பேசி வைத்திருந்த நாலு அலாய் வீலையும் இன்றே போய்த் தூக்கி வந்துவிட்டேன். யாரோ கழற்றி விற்றது. வளவில் ஆத்தங்குடிக் கல்மேல் சாக்கு விரித்து அடுக்கினேன். அப்பத்தா ஒன்றைத் தட்டிப் பார்த்து, "நாலும் பெருகி எட்டானா, காருக்கு எங்கடா போறது?" என்றது.

கார் என் பழைய ஹோண்டா சிட்டி. நாலு நட், அவை நிற்கும் வட்டத்தின் விட்டம், அதாவது பிசிடி, 100 மி.மீ. புது வீலின் முதுகில் 15 இன்ச், அகலம் 6.5 ஜே, ஈடி 38 என்று அச்சு. கம்பெனி வீலும் 15 இன்ச்தான், அதனால் பிரேக் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் ரிம்முக்குள் அடங்கிவிடும். ஆனால் அது பாதிக் கணக்கு. மீதி ஸ்போக்கில் இருக்கிறது. ரிம்மின் நடுக்கோட்டுக்கும் வீலைத் தாங்கும் ஹப்பில் உட்காரும் முகத்துக்கும் நடுவே உள்ள தூரம்தான் ஈடி. ஸ்போக் அங்கிருந்து வெளியே வளைகிறதா, காலிப்பர் பக்கம் சரிகிறதா என்று அந்த எண் சொல்லாது. நான் வாங்கியது நடுவில் குழிந்த டிசைன். பார்க்க அழகு, காலிப்பருக்குப் பங்காளி.

ஆகஸ்ட் 10, சனி

காலையில் அப்பத்தா சீப்புச்சீடைக்கு மாவு பிசைந்தது. ஓர் உருண்டை கேட்டேன். "திங்கவா?" "பிரேக்கில ஒட்ட." முறைத்துவிட்டுக் கொடுத்தது.

டயர் மாட்டாத வெறும் வீல். முன்பக்கம் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, காலிப்பரின் வெளிமுகத்தில் மாவைக் கட்டைவிரல் பருமனுக்கு அப்பினேன். ஸ்போக்கின் முதுகில் துளி எண்ணெய். வீலை மாட்டி, நாலு நட்டையும் முடுக்கி, கையால் ஒரு சுற்று. கழற்றிப் பார்த்தால் மேல்மாவை ஸ்போக் வழித்துக்கொண்டு போயிருந்தது. மிச்சத்தை பிளேடால் வெட்டி வெர்னியரில் பிடித்தேன். 6.2 மி.மீ. ஸ்போக்குக்கும் காலிப்பருக்கும் நடுவே அவ்வளவு இடம். மூன்று இருந்தாலே போதும் என்பார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை இருக்கிறதே!

ஆகஸ்ட் 12, திங்கள்

டயர் 195/60 ஆர் 15. பழைய 175/65க்கு விட்டம் 608.5 மி.மீ., இதற்கு 615. ஒரு சதவீத வித்தியாசம், ஸ்பீடோமீட்டர் கோபித்துக்கொள்ளாது.

டயர் கடையில் பழைய நட்டையே எடுத்துப் போடப் போனார்கள். நிறுத்தினேன். ஹோண்டா நட்டின் அடி உருண்டையாக இருக்கும், வெளி வீலின் குழி கூம்பு. உருண்டை கூம்பில் விளிம்பளவுதான் தொடும், ஓட ஓட லூசாகும். கூம்பு நட்டு வாங்கி வைத்திருந்தேன். ஹப் துளையும் அப்படித்தான். காருக்கு 56.1, வீலுக்கு 73.1. இடையில் அலுமினிய வளையம் போட்டாயிற்று. பிளாஸ்டிக் வளையம் பிரேக் சூட்டில் இளகும் என்று எனக்கு ஒரு பயம்.

காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையமான சிக்ரியில் வேலை பார்க்கும் நண்பன் கூட வந்திருந்தான். துருவை ஆராய்வதே அவன் பிழைப்பு. "அலுமினியம், இரும்பு, நடுவுல மழைத்தண்ணி. நீ வீல் மாட்டல மாப்ள, பேட்டரி செய்யிற" என்றான். ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் வெளுக்கத் தேய்க்க வைத்து, வளையம் உட்காரும் உதட்டில் மட்டும் இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையை லேசாகத் தடவச் சொன்னான். நட்டு ஏறும் ஸ்டட்டில் ஒரு துளி படக்கூடாது, பட்டால் முறுக்கு விசைக் கணக்கு, அதாவது டார்க், பொய்யாகிவிடும். 108 நியூட்டன் மீட்டரில் குறுக்கும் நெடுக்குமாக முடுக்கினோம்.

செப்டம்பர் 4, புதன்

முன்பக்கம் பிரேக் பேட் மாற்றியாயிற்று. பழையதில் தேயும் பகுதியான லைனிங் 4 மி.மீ.தான் மிச்சம். வேறு விசேஷமில்லை.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார்பட்டி சதுர்த்தி. குன்றக்குடி தாண்டி ஒரு வளைவில் டிங், டிங் என்று சத்தம். நேர் ரோட்டில் இல்லை. முதலில் கல் என்று நினைத்தேன், பிறகு பேரிங். அப்பத்தா பின்சீட்டிலிருந்து, "பிள்ளையாருக்கு மணியடிச்சுக்கிட்டே போறியா?" என்றது. கூட்டத்தில் சாமி தெரிந்ததோ இல்லையோ, எனக்குக் காதெல்லாம் அந்தச் சத்தம்தான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

வீலைக் கழற்றினேன். காலிப்பரின் வெளிமுகத்தில் பென்சிலால் போட்ட மாதிரி ஒரு பளபளக் கோடு. ஸ்போக் முதுகிலும் அதே அகலத்தில் ஒன்று.

நேற்று மிஞ்சிய கொழுக்கட்டை மாவை எடுத்து மறுபடி அப்பி, மாட்டி, சுற்றினேன். ரோஸ்ட் தோசை ஓரம் போல ஒரு தகடுதான் மிஞ்சியது. 0.7 மி.மீ.

திண்ணையில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் பிடிபட்டது. இந்தக் காலிப்பர் மிதக்கும் வகை. பிஸ்டன் ஒன்றே ஒன்று, எஞ்சின் பக்கம். பிரேக்கை மிதித்தால் அது உள்பேடை டிஸ்க்கில் அழுத்தும், அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் பின்னில் வழுக்கி உள்ளே போய் வெளிபேடை இழுத்து அழுத்தும். வெளிபேட் தேயத் தேயக் காலிப்பர் எஞ்சின் பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். நான் அளந்தது 4 மி.மீ. தேய்ந்த பேடில். புதுசு 9.5. காலிப்பர் அப்படியே 5.5 மி.மீ. வெளியே வந்து ஸ்போக்கை முட்ட நிற்கிறது. 6.2இல் 5.5 போனால் 0.7. மாவு பொய் சொல்லவில்லை. நான்தான் தப்பான நாளில் கேட்டிருக்கிறேன். நேரே ஓடும்போது அந்த 0.7 தாங்குகிறது, வளைவில் பாரம் சாயும்போது தாங்கவில்லை.

கம்பெனி வீலை மாட்டிவிட்டேன்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இரண்டு யோசனை வந்தது. ஒரு மெக்கானிக், "காலிப்பரை ஒரு இழுப்பு கிரைண்டர்ல விட்டா முடிஞ்சுபோச்சு தம்பி" என்றார். "வேணாம்ணே" என்று சொல்லிக் காரைக் கிளப்பி வந்துவிட்டேன். பிரேக்கைத் தேய்த்து வீலுக்கு இடம் கொடுப்பது, தலையைச் சீவித் தொப்பி போடுகிற கதை.

இன்னொன்று ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே 5 மி.மீ. தகடு, ஸ்பேசர். இதில் கொஞ்சம் சபலப்பட்டேன். நட்டு எத்தனை சுற்று ஏறுகிறது என்று எண்ணினேன், ஒன்பதரை. மரை ஒன்றரை மி.மீ. இடைவெளி, ஆக ஸ்பேசர் மூன்று சுற்றுக்கு மேல் விழுங்கிவிடும். மிச்சம் ஆறு. ஸ்டட் 12 மி.மீ. தடிமன், குறைந்தது அந்த அளவு மரையாவது பிடிக்க வேண்டும், அதாவது எட்டு சுற்று. நீள ஸ்டட் அடிக்கலாம்தான். ஆனால் ஈடி 33 ஆகி டயர் இன்னும் வெளியே வரும். ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் ஃபெண்டர் உரசுமோ என்று அடுத்த தலைவலி.

முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் தெரிந்தவர், "கொண்டாங்க, பித்தளை அண்டாவுக்குப் பக்கத்துல தொங்கவிட்டா வித்துரும்" என்றார். அவர் கடையில் எது வேண்டுமானாலும் விற்கும்.

செப்டம்பர் 29, ஞாயிறு

குழிந்த வீலைத் திருச்சிக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார். எதனால் விற்கிறேன் என்று கோட்டைக் காட்டியே சொன்னேன். அவர் காருக்கு வேறு காலிப்பர், நேற்றே ஒன்றை மாட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். புதுப்பேட் போட்டுப் பாருங்கள் என்றேன். பேட் புதுசுதானாம்.

எனக்கு வந்தது நேர் ஸ்போக். அதே 6.5 ஜே, அதே ஈடி 38. மாவு 8.4 மி.மீ., புதுப்பேடில். எண் இரண்டும் ஒன்றுதான், வார்ப்பு இரண்டும் வேறு. பேலன்ஸ் பார்த்தபோது ரிம்மின் உள்பக்கம் ஒட்டிய எடைத்துண்டு ஒன்று காலிப்பரின் மேல்முதுகுக்கு ஒட்டி வந்தது. எழுந்து போய் நானே காட்டி, இரண்டு விரல் தள்ளி ஒட்டவைத்தேன்.

"நாலு போச்சு, நாலு வந்துச்சு. பெருகவே இல்லையேடா" என்றது அப்பத்தா.

செவ்வாய்க்கிழமை திருச்சி வேலை இருக்கிறது. போய் வந்ததும் நட்டை ஒருமுறை டார்க் ரெஞ்சில் பார்க்க வேண்டும்.