மாரிக்குப்பம் லைன்: ஒரு சீசன் பாஸ்காரனின் நாட்குறிப்பு

பிப்ரவரி 28, 2025, வெள்ளி

மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை வண்டியில் வழக்கமான கூட்டம். துண்டு போட்டு இடம் பிடித்தவருக்கும் பை வைத்து இடம் பிடித்தவருக்கும் தகராறு. ஒயிட்ஃபீல்டு வரும்வரை ஓயவில்லை. இன்றைக்கு என்ன தேதி என்று ஒருத்தரும் பேசவில்லை. 2001ல் இதே பிப்ரவரி 28ல்தான் கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடினார்கள். அன்றைக்கும் நான் இதே வண்டியில்தான் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருந்தேன். ராத்திரி வீடு திரும்பினால் அப்பா திண்ணையில் உட்கார்ந்து பூட்ஸுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு என் ரயில் பைத்தியம் கடைசிவரை பிடிபடவில்லை. சாம்பியன் ரீஃப் பக்கம் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். கீழேயும் தண்டவாளம் போட்டிருப்பார்கள். அதில் கல் ஏற்றிய தொட்டி வண்டியைத் தள்ளித் தள்ளியே தோள் காய்த்துப் போனவர் அவர். "தண்டவாளம் பாக்க எதுக்குடா ஸ்டேஷனுக்குப் போற? எங்கூட கீழ வா, காட்றேன்" என்பார்.

மார்ச் 2, ஞாயிறு

உரிகம் ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடையில் கூடினோம். கூடினோம் என்றால் ஐந்து பேர். பத்து வருடத்துக்கு முன் பதினொரு பேர் இருந்தோம். இரண்டு பேர் காலமாகிவிட்டார்கள், மூன்று பேர் கே.ஆர்.புரம் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள், ஒருத்தர் மகனோடு ஓசூரில். சங்கம் என்று பெயரெல்லாம் கிடையாது. டீக்கடைக்காரர் மட்டும் எங்களை 'ரயில் பார்ட்டி' என்பார்.

மூத்தவர் கார்டு அண்ணன். 2022ல் கார்டு என்ற பெயரையே ரயில்வே எடுத்துவிட்டது. இப்போது 'டிரெயின் மேனேஜர்'. அண்ணன் அதற்கு முன்பே ரிடையர் ஆனதில் அவருக்கு ஏக சந்தோஷம். "மேனேஜர்னா கொடி யாரு ஆட்றது?" என்று மாதம் ஒருமுறையாவது கேட்பார்.

இன்று அவர் ஒரு யோசனையோடு வந்திருந்தார். மாரிக்குப்பத்திலிருந்து ஆந்திரத்துக் குப்பத்துக்குச் சுமார் 24 கிலோமீட்டருக்குப் புது லைன் போடும் திட்டம் பத்து வருடத்துக்கும் மேலாக இழுத்துக்கொண்டிருக்கிறது. அது முடிந்தால் நம் லைனின் முகமே மாறிவிடும். அதற்குள் பங்காருபேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை 16 கிலோமீட்டரில் பழசு என்று என்ன மிச்சம் இருக்கிறதோ, எல்லாவற்றையும் படம் எடுத்து நோட்டில் ஏற்றிவிட வேண்டும். போர்டு, கம்பம், மதகு, பெஞ்சு, மணி. 1894ல் போட்ட லைன். சுரங்கக் கம்பெனிகளுக்காகவே வந்தது. சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் 1902ல்தான் இங்கே வந்து சேர்ந்தது. அதுவரை எந்திரம் ஓட வேண்டுமென்றால் நீராவி, நீராவிக்குக் கரி. அந்தக் கரியும் சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்கும் மரமும் இந்த லைனில்தான் வந்தன.

நோட்டு வாங்கும் பொறுப்பு என் தலையில். 200 பக்கம் போதும் என்றேன். "நானூறு பக்கமா வாங்குப்பா" என்றார் அண்ணன்.

மார்ச் 16, ஞாயிறு

இன்றைக்கு நல்ல வேட்டை.

தம்பி ஒருத்தன் வருகிறான், பத்தாவது படிக்கிறான். எங்கள் கூட்டத்தில் ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவன் அவன் ஒருத்தன்தான். போனில் ரயில் ஓட்டும் விளையாட்டு ஆடி ஆடி, பேச்செல்லாம் லோகோ நம்பராகவே இருக்கும். அவன்தான் சொன்னான்: "அங்கிள், எங்க லைன்ல ஒரு ஆட்டுப்பட்டிக்கு தண்டவாளத்த நட்டு வச்சிருக்காங்க." (வெளியூர்க்காரர்களுக்காக: இங்கே 'லைன்' என்றால் ரயில் பாதையும் உண்டு, சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய வரிசை வீடுகளும் உண்டு.)

போய்ப் பார்த்தோம். தகரக் கூரையை மூலையில் தாங்கிக்கொண்டு நிற்கிறது, ஆள் உயரத்துக்கு. இப்போதுள்ள தண்டவாளத்துக்கு அடிப்பாகம் தட்டையாக இருக்கும். இதற்குத் தலையும் அடியும் ஒரே மாதிரி உருண்டை. டபுள் ஹெட்! எனக்கு நெஞ்சு படபடத்தது. மேல்பக்கம் தேய்ந்ததும் திருப்பிப் போட்டு இன்னொரு ஆயுசு ஓட்டிவிடலாம் என்று இங்கிலாந்துக்காரர்கள் போட்ட கணக்கு அது. கணக்கு பலிக்கவில்லை. தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து அடிப்பக்கம் பள்ளம் விழுந்துவிட்டது. திருப்பிப் போட்டால் வண்டி தடதடவென்று குலுங்கும்.

வீட்டுக்கார அம்மாவிடம் அனுமதி கேட்டு, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தேன். பாதியில் ஓர் ஆடு வந்து என் சட்டைப் பை பேனாவைக் கடித்தது. தம்பி சாக்பீஸைப் படுக்கை வாட்டில் பிடித்து தண்டவாளத்தின் இடுப்புப் பகுதியில் மெல்ல உரசினான். புடைத்திருந்த எழுத்து மட்டும் வெள்ளையாக மேலே வந்தது. முதலில் ஒரு 'எஸ்'. அப்புறம் 'ஷெஃபீல்ட்' என்று முழுசாக. கடைசியில் 1, 8, 8. நாலாவது எண் இருக்க வேண்டிய இடத்தில் கொட்டகைக்காரர் ஓட்டை போட்டு போல்ட் முடுக்கியிருக்கிறார்.

"கழட்டிப் பாக்கலாமா அங்கிள்?" என்றான். கழற்றினால் கூரை ஆட்டின் மேல் விழும். 188 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கோடு போட்டு நோட்டை மூடினேன். நம் லைனுக்கு முன்பே உருட்டிய தண்டவாளம். வேறெங்கோ உழைத்துவிட்டு இங்கே வந்திருக்கலாம். எத்தனை வருடமாக இங்கே நிற்கிறது என்று அம்மாவிடம் கேட்டேன். "நான் கல்யாணமாகி வரச்சொல்லயே இருந்துச்சு" என்றார்.

மார்ச் 19, புதன்

ஒன்றுமில்லை. வண்டி லேட். தூங்கினேன்.

ஏப்ரல் 14, திங்கள்

அம்பேத்கர் ஜெயந்தி. ராபர்ட்சன்பேட்டை முழுக்க நீலக் கொடி, மேளம், ஊர்வலம். பெங்களூருக்குக் குடிபோனவர்கள் பாதிப் பேர் இன்று ஊரில் இருப்பார்கள். பழைய ரயில் பார்ட்டி ஆட்கள் இருவர் ஊர்வலத்தில் அகப்பட்டார்கள்; சாப்பிட்ட கையோடு அவர்களையும் இழுத்துக்கொண்டு பங்காருபேட்டை போனோம். ஏழு பேர்!

பங்காருபேட்டை எங்களுக்கு மாமியார் வீடு மாதிரி. 1864லேயே சென்னை–பெங்களூர் பாதை போட்டாகிவிட்டது. மைசூர் கமிஷனராக இருந்த பௌரிங் பெயரால் பௌரிங்பேட்டை என்பது இதன் பழைய பெயர். எங்கள் கிளைப்பாதை பிரிய இன்னும் முப்பது வருடம் ஆயிற்று. மறுபக்கம் கோலாருக்கு 1913லிருந்து இரண்டரை அடி அகலத்தில் நேரோகேஜ் ஓடியது. கார்டு அண்ணன் அதில் போயிருக்கிறார். வளைவில் இறங்கி ஒன்றுக்குப் போய்விட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வாராம். இந்தக் கதையை எல்லா நேரோகேஜ் பற்றியும் எல்லா ஊரிலும் சொல்வார்கள், நான் நம்புவதில்லை. ஆனாலும் அண்ணன் சொன்னால் கேட்டுக்கொண்டிருப்பேன்.

சென்னை–மைசூர் வந்தே பாரத் நிற்காமல் போயிற்று. தம்பி அதைப் படம் எடுக்கப் போனைத் தூக்கிப் பிடித்தான், அதற்குள் கடைசிப் பெட்டியும் தாண்டிவிட்டது. எனக்கு அதில் ஒட்டுதல் இல்லை. எஞ்சின் என்று தனியாக முன்னால் நின்று இழுக்காததை என்னவென்று ரசிப்பது? இதைச் சொன்னதும் தம்பி, "உங்க மெமுவுக்கும் தனியா எஞ்சின் இல்லையே அங்கிள்" என்றான். மெமு என்றால் நான் தினம் போகும் மின்சார வண்டி. வாயை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 27, ஞாயிறு

போன வருடம் காலமான நண்பரின் வீட்டிலிருந்து போன். ஆண்டர்சன்பேட்டை வீட்டைக் காலி செய்கிறார்கள், அண்ணி மகளோடு பெங்களூர் போகிறார். "உங்க ஃபிரெண்டோட டப்பா ஒன்னு இருக்கு. பழைய பேப்பர்காரன் வேணாம்ட்டான்" என்றார்.

பிஸ்கட் டின். உள்ளே ரப்பர் பேண்ட் போட்டு அடுக்கிய அட்டை டிக்கெட்டுகள், எண்ணிப் பார்த்ததில் 312. ரெண்டேகால் அங்குல நீளம். எட்மன்சன் என்ற இங்கிலீஷ்காரர் கண்டுபிடித்த டிக்கெட், கிட்டத்தட்ட நூற்றைம்பது வருடம் அதே அளவில் ஓடியது. கம்ப்யூட்டர் வந்ததும் போய்விட்டது. கவுன்டரில் கிளார்க் ஒரு சின்ன இரும்பு மிஷினில் டிக்கெட்டைச் செருகித் தட்டுவார், டக்கென்று தேதி அழுந்தும். மை கிடையாது, வெறும் பள்ளம்தான். நேராகப் பார்த்தால் தெரியாது; ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழுந்து எண் தெரியும்.

அப்படிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று மட்டும் பாதியாக இருந்தது. ரிட்டர்ன் டிக்கெட்டின் திரும்பும் பாதி, பெங்களூர் – மாரிக்குப்பம், 1986. திரும்பி வந்திருந்தால் ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டிருப்பார்களே? அண்ணியிடம் காட்டினேன்.

"இன்டர்வியூவுக்குப் போன அன்னிக்கு. வேலை கிடைக்கல. வண்டிய விட்டுட்டு லாரில வந்தாரு, காலைல மூணு மணிக்கு. எங்கம்மா வீட்ல சொல்லிட்டாங்க, வேலை இல்லாதவனுக்குப் பொண்ணு இல்லன்னு." சிரித்தார். அப்புறம் அந்த ஒன்றை மட்டும் வாங்கி, பர்ஸில் வைத்துக்கொண்டார். 311.

மே 18, ஞாயிறு

மாரிக்குப்பம். தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண்மேட்டுப் பக்கமிருந்து காற்று வீசி, டீயில் பொடி. நோட்டில் ஸ்டேஷன் பகுதியை முடித்தோம். தண்டவாளம் முடியும் இடத்தை தம்பி ஆறு கோணத்தில் படம் எடுத்தான்.

அங்கேதான் வாக்குவாதம். எனக்கு இந்த முடிவு பிடிக்கும். இறங்க மறந்து தூங்கினாலும் ஊர் தாண்டிப் போய்விடாது. வண்டி நம்மை இங்கேயே வைத்துக்கொண்டு நிற்கும். குப்பம் லைன் வந்தால் நாங்களும் வழியில் வரும் ஒரு ஸ்டேஷன்தான். கார்டு அண்ணனுக்குக் கோபமே வந்துவிட்டது.

"லைன் முடியற ஊருக்கு எவன் வருவான்? சுரங்கம் இருந்துச்சு, வந்தான். இப்ப இன்னா இருக்கு? தினம் காலைல ஊரே பெங்களூருக்குப் போவுது, ராத்திரி தூங்க வருது. குப்பம் வரைக்கும் திறந்துட்டா கூட்ஸ் வரும், நாலு கடை வரும். உனக்கு முட்டுச்சந்து அழகா இருக்கு, ஏன்னா உன்கிட்ட சீசன் பாஸ் இருக்கு."

பதில் சொல்லத் தெரியவில்லை. முதல் வண்டி குப்பம் போகும் நாளில் கொடியோடு பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. பச்சைக் கொடி ஒன்றை இஸ்திரி போட்டு பீரோவில் வைத்திருக்கிறார். வயது 74.

ஜூன் 8, ஞாயிறு

நம் லைனின் கதையை நாலு வரியில் எழுதி ஒரு போர்டு வைக்கச் சொல்லி மனு கொடுத்திருந்தோம், கன்னடம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும். கொடுத்த அலுவலகத்தில் அது வேறு அலுவலகத்தின் வேலை என்றார்கள். அந்த வேறு அலுவலகத்தில் முதல் அலுவலகத்தின் பெயரைச் சொன்னார்கள். சீல் குத்திய நகல் ஒன்று கிடைத்தது. நோட்டில் ஒட்டியாயிற்று, பக்கம் 163. அண்ணன் சொன்னது சரி, 200 பக்க நோட்டு பத்தாது.

ஜூலை 7, திங்கள்

தம்பி பாஸ். கே.ஆர்.புரம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் டிப்ளமோ. இன்று முதல் நாள். ஹாஸ்டலுக்குக் காசில்லை, தினம் போய் வரப்போகிறான். விடியுமுன்பே புது சீசன் பாஸை ஐ.டி. கார்டு உறையில் செருகிக்கொண்டு உரிகம் பிளாட்பாரத்தில் நின்றான், கூட அவன் அம்மா டிபன் பையோடு.

ஹார்ன் கேட்டதும் போனை எடுத்துப் படம் பிடிக்கப் போனான். "அத உள்ள வை" என்றேன். "பின்னாலிருந்து மூணாவது பெட்டி, ரெண்டாவது கதவு. அது நேரா இந்தத் தூணுக்கிட்ட வந்து நிக்கும். ஏறினதும் இடது பக்கம் போ. அங்க சீட்டாடறவங்க மாலூர்ல இறங்கிடுவாங்க, அவங்க இடம் காலியாகும். நாளைக்கு நான் இல்லன்னாலும் என் பேரைச் சொல்லு, விடுவாங்க."

வண்டி வந்து நின்றது. கதவு தூணுக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது. தம்பி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு ஏறினான்.