இராவணன் வருவதற்குள்

செட்டிநாட்டின் பெரிய வீடுகளெல்லாம் நமக்குத்தான் அதிசயம், பிள்ளைகளுக்கு இல்லை. ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றித் தரைக்கல் வார்ப்பதை மட்டும் இருவரும் அசையாமல் பார்த்தார்கள். அப்புறம் போன வீட்டில், மூன்றாவது முற்றத்துக்கு வருவதற்குள் என் நாலு வயதுக்காரன் தேக்குத் தூணோடு சண்டை பிடிக்க ஆரம்பித்துவிட்டான்.

அதனால் சாயங்காலம் கோவிலூருக்குக் கிளம்பும்போதே எனக்கு உதறல். காரைக்குடிக்குப் பக்கம்தான், ஆட்டோவில் போய்விடலாம். நகரத்தார் மரபில் வந்த முத்துராமலிங்க ஆண்டவர் தொடங்கிய வேதாந்த மடம் அங்கே இருக்கிறது. கூடவே கொற்றவாளீஸ்வரர் கோயில். சாயரட்சையில், அதாவது மாலைப் பூசையில், தேவாரம் பாடும் ஓதுவார் பாடக் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. மகனைக் கிளப்புவதற்காக, "சாமி பேரிலேயே வாள் இருக்குடா" என்று சொல்லிவைத்தேன். அது வினையாகிவிட்டது.

தீபாராதனை முடிந்ததும், "வாள் எங்கம்மா?" கல் மண்டபத்தில் அந்தக் குரல் நாலு தரம் எதிரொலித்தது. நான் அவன் வாயைப் பொத்தப் போக, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர் கையைத் தட்டிவிட்டார். "பிள்ளைய ஏன் அதட்டுறிய? இங்க வா ராசா. இப்பச் சம்பந்தர் பதிகம் பாடுவாக. எட்டாம் பாட்டுல இராவணன் வருவான். மலையத் தூக்கப் போயி, சாமி கால்விரலால அமுக்கினதுல நசுங்கி, அழுது பாடி, கடைசியில வாள் வாங்கிக்கிட்டுப் போவான். எண்ணிக்கிட்டே இரு."

பதிகம் என்றால் பத்துப் பதினொரு பாட்டு. சம்பந்தர் பதிகங்களில் பெரும்பாலும் எட்டாவது பாட்டு இராவணனுக்குத்தான். படித்திருக்கிறேன். ஆனால் ஒரு குழந்தையை உட்காரவைக்க அது உதவும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஓதுவார் "திருச்சிற்றம்பலம்" என்று எடுத்தார். பக்கவாத்தியம் ஒன்றுமில்லை, கையில் தாளம் மட்டும். அவசரமே இல்லாத பாட்டு. ஒரு வரியைப் பாடி, அதையே கொஞ்சம் மாற்றித் திரும்பப் பாடி, அப்புறம்தான் அடுத்த வரி. மகள் விரல் விட்டு எண்ணினாள். மகன் மூன்றாம் பாட்டு வரை நிமிர்ந்து இருந்தான். நான்கில் ஆச்சியின் மடியில் தலை சாய்ந்தது. ஐந்தில் ஆள் காலி. என் தாலாட்டுக்கு ஒருநாளாவது இப்படித் தூங்கியிருக்கிறானா!

எட்டாம் பாட்டு வந்தபோது மகள் என் தொடையைக் கிள்ளினாள். பதிகம் முடிந்து திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் என்று ஒவ்வொரு பாட்டாக, தேவாரத்தோடு சேர்த்து ஐந்தும் பாடும் பஞ்சபுராணம் நிறைந்தது.

வெளியே வரும்போது ஓதுவாரிடம், பதிகம் என்ன பண், அதாவது எந்தத் தமிழ் ராகம் என்று கேட்டேன். "மேகராகக்குறிஞ்சிங்க. இராப்பண். நீலாம்பரின்னு சொன்னாத் தெரியும்" என்றவர், தோளில் கிடந்தவனைப் பார்த்துச் சிரித்தார். தாலாட்டு ராகத்தைப் பாடிவிட்டு வேறு என்ன எதிர்பார்ப்பது?

ஆட்டோ குலுக்கியதில் விழித்துக்கொண்டான். "இராவணன் வந்துட்டானா?"

"வந்தான். வாளை வாங்கிட்டுப் போயிட்டான்" என்றாள் அக்கா.

காரைக்குடி வரும்வரை அழுதான்.