போட்டிக்கு வந்த பார்ட்டி

கும்பகோணத்தில் 22 வருஷமாக வாடகை வீடு. ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, அதற்குள் சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாம் என்று போன தை மாதம் தேட ஆரம்பித்தேன். இதுவரை 11 வீடு, 7 புரோக்கர்.

பணம் என்னுடையது. என் பி.எஃப்., என் நகை. ஆனால் புரோக்கர் பேசுவதெல்லாம் என் வீட்டுக்காரரிடம். "கிழக்குப் பார்த்த வாசல் சார். தண்ணி கல்கண்டு மாதிரி சார்." அவர் என்னைக் கைகாட்டினால், என் பக்கம் திரும்பி, "டீச்சர், நீங்க கிச்சன் பாருங்க" என்பார்கள். பட்டா எங்கே என்று நான் கேட்டாலும் பதில் சாருக்குத்தான் போகும்.

அப்புறம் மகாமகம். 2028-ல் வருகிறதல்லவா, அதைச் சொல்லாத புரோக்கர் இல்லை. தாராசுரம் பக்கம், நாற்றங்கால் வரப்பு இன்னும் கரையாத வயலில் கல் ஊன்றி வைத்து மனை என்று காட்டியவரும் சொன்னார்: "மகாமகத்துக்குள்ள டபுள் ஆயிடும் டீச்சர்." 2016 மகாமகத்தில் பால் பாக்கெட் வாங்க முக்கால் மணி நேரம் நடந்ததுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதை.

நாலரைக்கு ராகு காலம், அதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள் என்று ஒரு புரோக்கர் மூன்று மணிக்கே கூட்டிக்கொண்டு போனார். பழைய வீடு. திண்ணை, ரேழி, கூடம், நடுவில் முற்றம், பின்னால் கிணறு, கொல்லைக் கதவைத் திறந்தால் அடுத்த தெரு. முற்றத்துத் தூணில் எண்ணெய்க் கை பட்டுப் பட்டு, இடுப்பு உயரத்துக்கு ஒரு பளபளப்பு. அதைத் தொட்டுப் பார்த்ததுமே எனக்குப் பாதி மனசு விழுந்துவிட்டது. புரோக்கரும் அதைக் கவனித்துவிட்டார் என்று நினைக்கிறேன். விலை 48 லட்சம் என்றார். "உங்க பேர்ல பதிஞ்சா பதிவுக் கட்டணத்துல ஒரு பர்சன்ட் குறையும் டீச்சர்." குறையும்தான், 2025 ஏப்ரலிலிருந்து. ஆனால் அது பத்து லட்சம் வரைக்கும் உள்ள சொத்துக்கு. முத்திரைத்தீர்வை 7, பதிவு 2, ஆக 9 பர்சன்ட், 4,32,000 ரூபாய் என்றேன். "கவர்மென்ட் வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுக்கலாம், மீதி கையில" என்று சாரைப் பார்த்துச் சொன்னார்.

கூடத்தில் ஏற்கெனவே ஒரு குடும்பம் நின்றிருந்தது. முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பையன் டேப் வைத்துச் சுவரை அளந்துகொண்டிருந்தான், பக்கத்தில் ஒரு பெண். புரோக்கர் குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு பார்ட்டி. இன்னிக்கே அட்வான்ஸ் தர்றேங்கறாங்க. நீங்கதான் சீக்கிரம் சொல்லணும்."

பையன் திரும்பினான். டேப் சர்ரென்று உள்ளே போய் அவன் விரலைக் கடித்தது. இரண்டு கையையும் கூப்பினான்.

"வணக்கம் டீச்சர்."

எட்டாம் வகுப்பு, பி பிரிவு. பக்கத்துப் பையனைப் பார்த்துக் கணக்கு எழுதும்போது, அவன் அடித்துத் திருத்தியதையும் சேர்த்து அடித்துத் திருத்தி வைப்பான். மறக்க முடியுமா?

"என்னடா, வீடு வாங்கற அளவுக்கு வந்துட்டியா? என்ன பண்றே இப்ப?"

பழக்கதோஷம்தான், டீச்சர் கேட்டால் உண்மையைச் சொல்லிவிட்டான். "அண்ணன்கூடத்தான் டீச்சர். ஞாயித்துக்கிழமை மட்டும். இது எங்க அக்கா."

அண்ணன் என்று அவன் சொன்னது புரோக்கரை. அவர் முற்றத்தின் நடுவில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சிரித்துவிட்டேன். வீட்டுக்காரருக்குத்தான் கோபம், விறுவிறுவென்று வாசலுக்குப் போய்விட்டார். கிணற்றடியைப் பார்க்கிற சாக்கில் பையன் என் பின்னாலேயே வந்தான். "டீச்சர், அடிமனை யாருதுன்னு கேட்டுக்குங்க" என்று முணுமுணுத்துவிட்டு, வாளியை எடுத்து வைப்பது போல நகர்ந்துவிட்டான்.

கோயில் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கட்டடம் ஒருவருடையது, மண் கோயிலுடையது. குடியிருப்பவர் கோயிலுக்கு அடிமனை வாடகை கட்டுவார். 1959-ஆம் வருஷத்து அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி, ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் அது செல்லாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவைக் காட்டிச் சார்பதிவாளரும் பத்திரத்தைத் திருப்பிவிடலாம். 22 வருஷமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன், கேட்கத் தோன்றவில்லை. தூணின் பளபளப்பு அப்படி.

கேட்டேன். புரோக்கர் முதல் முறையாகச் சாரை விட்டுவிட்டு நேராக என்னிடம் பேசினார். "அடிமனை கோயிலுதுதான் டீச்சர். மாசம் கொஞ்சம் வாடகை, அவ்வளவுதான். மூணு தலைமுறையா இருக்காங்க, யார் எழுப்பினா?"

"அப்ப 48 லட்சம் எதுக்கு? கட்டடத்துக்கா, மண்ணுக்கா?"

பதில் இல்லை. கோயில் மண் கோயிலுக்கு இருக்கட்டும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. அதை முதல் போனிலேயே சொல்லியிருந்தால், ஒரு மதியத் தூக்கமாவது எனக்கு மிஞ்சியிருக்கும். இரண்டு பர்சன்ட் கமிஷன் கேட்கிறார்கள், இதைச் சொல்வதும் அதில் சேர்த்திதானே?

இப்போதெல்லாம் யார் போன் பண்ணினாலும், போட்டோ வேண்டாம், முதலில் சர்வே எண்ணை அனுப்புங்கள் என்கிறேன். நகரத்துக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேட்டு நகல். பட்டாவும் வில்லங்கமும் இணையத்திலேயே பார்த்துவிடலாம். அது சரியாக இருந்தால்தான் செருப்பை மாட்டுவது. ஏழு பேரில் நாலு பேர் அதோடு போன் பண்ணுவதை நிறுத்திவிட்டார்கள்.

போன வாரம் அந்தப் பையன் கூப்பிட்டான். செட்டிமண்டபம் பக்கம் ஒரு வீடு இருக்கிறதாம், சர்வே எண் வாட்ஸப்பில் வந்தது.

"இதுல நீ யாருடா?"

"புரோக்கர்தான் டீச்சர். பார்ட்டி வேற ஆளு."