நாலு விரல் குறையுது

எங்கள் பெரியப்பாவிடம் துப்பாக்கி இருக்கிறது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். தீபாவளிக்குத் தெருவில் லட்சுமி வெடி வெடித்தாலே உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற மனிதர் அவர். ஆனால் இருக்கிறது. நடு வீட்டுச் சுவரில், தாத்தா படத்துக்குக் கீழே, இரண்டு ஆணியில் படுத்திருக்கும்.

தாத்தா 1962இல் வாங்கியது. ராயக்கோட்டைப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் மேட்டு நிலம். ராகி, நிலக்கடலை எது போட்டாலும் பாதி நமக்கு, பாதி காட்டுப்பன்றிக்கு. அதனால் பயிர்க் காவலுக்கு என்று எழுதிக் கொடுத்து லைசென்ஸ் எடுத்தார். அந்த லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டினால் முதல் பக்கங்களில் சேலம் மாவட்டம் என்று முத்திரை, 1965க்கு அப்புறம் தருமபுரி மாவட்டம், 2004க்கு அப்புறம் கிருஷ்ணகிரி மாவட்டம். வீடு இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

புத்தகத்தில் அதன் பெயர் எஸ்.பி.எம்.எல். ஒற்றைக் குழல், குழல் வாய் வழியாக வெடிமருந்து போடுகிற வகை. பேப்பரில் 'நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்' என்று வரும் செய்தியைக் காட்டி யாராவது "உங்க வீட்டுல இருக்குமே, அதுதானே?" என்று கேட்டால் பெரியப்பாவுக்குப் பொல்லாத கோபம் வரும். "அது கள்ளத் துப்பாக்கி. நம்மளுது கலெக்டர் கையெழுத்துப் போட்டது" என்பார். 1985இல் தாத்தா போன பிறகு லைசென்ஸ் இவர் பெயருக்கு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை அவர் அதைச் சுட்டதே இல்லை. எண்ணெய்த் துணியால் வெளியே துடைப்பார். தேர்தல் வந்தால் கோணிச் சாக்கில் சுற்றி, போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார். முடிந்ததும் போய் எடுத்து வருவார்.

2024 மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் தேதி அறிவித்தார்கள். தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19. அடுத்த வாரமே பெரியப்பா சாக்கை எடுத்துவிட்டார். கார் ஓட்ட ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துப் போனார்.

வழக்கமாகப் பத்து நிமிட வேலை. இந்த முறை புதிதாக வந்திருந்த ஏட்டய்யா கொஞ்சம் விவரமானவர். வாங்கி நம்பரைச் சரிபார்த்துவிட்டு, அடியில் செருகியிருந்த இடிகம்பியை உருவினார். குழல் வாயில் விட்டு, போகிற வரைக்கும் இறக்கி, வாய் ஓரத்தில் கம்பியைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுத்தார். அதே கம்பியை, அதே விரல் அடையாளத்தோடு, குழலுக்கு வெளிப்பக்கமாக வைத்து அளந்தார். கம்பியின் நுனி, குழலின் அடிமுனையில் இருக்கும் நிப்பிள் வரைக்கும் வந்திருக்க வேண்டும். மருந்தைப் பற்றவைக்கிற கேப்பை, அதாவது பொட்டு வெடி மாதிரியான சின்ன மூடியை, மாட்டுகிற முனை அது. வரவில்லை.

"நாலு விரல் குறையுதே" என்றார். அப்புறம் ரொம்ப மெதுவாக, "லோடு பண்ணி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். பெஞ்சில் உட்கார்ந்து ஏதோ வரப்புத் தகராறுக்குப் புகார் எழுதிக்கொண்டிருந்த இரண்டு பேரும், வாதி, பிரதிவாதி, ஒரே கதவு வழியாக ஒன்றாக வெளியே போனார்கள். பெரியப்பா முகம் சுண்ணாம்பாகிவிட்டது. 39 வருஷம் அதற்குக் கீழேதான் கட்டில் போட்டுப் படுக்கிறார்.

நான் மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்ளாட்சித் தேர்தல்களை விட்டாலும், 1989இலிருந்து 2021 வரை சட்டமன்றம், நாடாளுமன்றம் என்று 15 தடவை இது போலீஸ் காவலுக்குப் போய் வந்திருக்கிறது. 15 தடவையும் உள்ளே ஏதோ இருந்திருக்கிறது!

துப்பாக்கியை வாசலில் புங்க மரத்தடிக்குக் கொண்டுபோய், மணல் வாளிகளை அடுக்கி, அதைப் பார்த்தபடி படுக்கவைத்தார்கள். அப்புறம் ஆலோசனைகள் தொடங்கின. நம் ஊரில் இதற்குப் பஞ்சமா?

"ஒரு கேப்பு போட்டு வானத்தப் பார்த்து வெடிச்சிடலாங்க, வந்துடும்" என்றார் டீ கொண்டுவந்தவர். ஒரு இளம் போலீஸ்காரர் செல்போனைப் பார்த்துவிட்டு, "ஈயம் 327 டிகிரியில உருகிடுமாம் சார், கேஸ் அடுப்புல காட்டினா..." என்று ஆரம்பித்தார். உள்ளே மருந்து இருந்தால் என்ன ஆகும் என்று ஏட்டய்யா ஒரு பார்வை பார்த்ததும் போனைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கடைசியில் ஏட்டய்யாவே போன் போட்டு, துப்பாக்கி ரிப்பேர் லைசென்ஸ் வைத்திருக்கும் ஒரு பாயை வரவழைத்தார். எழுபது வயதிருக்கும். மொபெட்டில் வந்து இறங்கி, ஒரு தகரப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, வெடித்து எடுக்கலாம் என்றவரைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார். "குண்டு மருந்து மேல ஒட்டி உக்காந்திருந்தா வேற கதை. நடுவுல இடம் விட்டு மாட்டிக்கிட்டிருந்தா குழல் வீங்கிடும். இல்லன்னா கிழிஞ்சிடும். கிழிஞ்சா எங்க கிழியும்? கை வச்சிருக்கிற எடத்துல." டீக்காரர் டம்ளர்களை அவசரமாகப் பொறுக்கிக்கொண்டார்.

முதலில் குழல் வாயில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி ஊற வைத்தார். மருந்து நனைய வேண்டுமாம். பிறகு பக்கவாட்டில் உட்கார்ந்து நிப்பிளுக்கு எண்ணெய் விட்டு, சாவி போட்டுக் கழற்றினார். அதற்கே அரை மணி நேரம். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது. பாய் விரலில் தொட்டு வெயிலில் பார்த்தார். "மருந்தா இருந்தா கறுப்பா வரணும். இது டீ கலர்ல இருக்கு. வெறும் துரு." ஆனாலும் யாரையும் குழல் வாய்ப் பக்கம் வர விடவில்லை.

அடுத்து கம்பி முனையில் ஒரு திருகாணியை மாட்டி உள்ளே விட்டார். குண்டு ஈயமாக இருந்தால் அந்தத் திருகு மரத்தில் ஸ்க்ரூ இறங்குகிற மாதிரி கடித்துக்கொள்ளும், இழுத்தால் கூடவே வரும். முதலில் தேங்காய் நார் வந்தது. கொத்துக் கொத்தாக, மக்கிப்போன நார். தாத்தா மருந்து கெட்டிக்கும்போது அடைப்புக்கு நார்தான் வைப்பார், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெரியப்பா, "அப்பா வச்சது" என்று கண்கலங்கிவிட்டார். நார் தீர்ந்ததும் திருகு எதிலோ முட்டி 'கிர்ர்ர்' என்று கீச்சிட்டது. பாய் மறுபடி அழுத்தினார். மறுபடி கிர்ர்ர்.

"ஈயம் இல்ல" என்றார். "இரும்பும் இல்ல. இரும்புல வேற சத்தம் வரும்."

எனக்கு லேசாக வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று அப்போது பிடிபடவில்லை.

எதிரில் டிராக்டர் பட்டறை. அங்கிருந்து காற்று அடித்துத் தள்ளலாம் என்று ஏட்டய்யா சொன்னார். பாய் ஒத்துக்கொள்ளவில்லை. "காத்து அமுங்கும் சார். அமுங்கி அமுங்கி நிக்கும், விட்டா ஒரேடியாப் பாயும். கிரீஸ் அமுங்காது. நாம எவ்வளவு தள்ளுறமோ அவ்வளவுதான் நகரும்." உடனே பட்டறைப் பையனைக் கூப்பிட்டு, "தம்பி, கிரீஸ் கன் எடுத்தா. நிப்பிள் டப்பாவையும் எடுத்தா" என்றார்.

துப்பாக்கிக்கும் நிப்பிள், டிராக்டருக்கும் நிப்பிள் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். கேப்பு நிப்பிள் இருந்த ஓட்டையில் கிரீஸ் நிப்பிளை வைத்துத் திருகிப் பார்த்தார். முதல் இரண்டும் மரை சேரவில்லை. மூன்றாவது ஆறு எம்.எம்., சமர்த்தாக ஏறி உட்கார்ந்தது. பையன் கிரீஸ் கன்னை மாட்டி அடிக்க ஆரம்பித்தான். துப்பாக்கிக்குத் துப்பாக்கியாலேயே வைத்தியம்.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. கைப்பிடி இறுகி, பையன் எழுந்து நின்று உடம்பு பாரத்தைப் போட்டு அமுக்கினான். உள்ளே 'தொக்' என்று ஒரு சத்தம். பாய் இடிகம்பியை விட்டுப் பார்த்து, "ரெண்டு விரல் நகந்திருக்கு" என்றார். அதற்கப்புறம் பொறுமைதான். ஒரு அடிக்கு ஒரு சொட்டு கிரீஸ். மூன்றடிக் குழல் முழுக்க நிரம்ப வேண்டும். 200 வரை நான் எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். நடுவில் ஒருமுறை கிரீஸ் தீர்ந்து மறுபடி நிரப்பினார்கள். பட்டறைப் பையன், "ஒரு டிராக்டருக்கே இவ்வளவு அடிக்க மாட்டோங்க" என்று முனகினான். புகார் எழுத வந்த வாதியும் பிரதிவாதியும் ஆளுக்குக் கொஞ்சம் கைமாற்றி அடித்துக் கொடுத்தார்கள். அவர்கள் வரப்புத் தகராறு என்ன ஆனதென்று தெரியவில்லை.

கடைசியில் குழல் வாயில் காக்கித் துணி ஒன்று எட்டிப் பார்த்தது. பற்பசை வருகிற மாதிரி மெள்ள நகர்ந்து, கிரீஸோடு கிரீஸாக மணல் வாளியில் 'பொத்' என்று விழுந்தது. பாய் எடுத்துத் துணியை விலக்கி, மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்தார். வெளிர் பச்சைக் கண்ணாடி. சோடா பாட்டில் கோலி.

ஸ்டேஷனே சிரித்தது. பெரியப்பா மட்டும், "எங்கப்பா கோலியப் போட்டா பன்னி சுட்டாரு?" என்று திகைத்துப்போய் நின்றார்.

எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. 1986. எனக்கு ஒன்பது வயது. தாத்தா இறந்து ஒரு வருஷம். வீட்டில் எல்லாரும் கடலை பிடுங்கப் போன ஒரு மத்தியானம். முக்காலி போட்டு ஏறித் துப்பாக்கியை இறக்கி, தாத்தா செய்கிற மாதிரியே, குண்டைத் துணியில் சுற்றி, உள்ளே விட்டு, நாரை அடைத்து, கம்பியால் இடி இடியென்று இடித்தேன். மருந்து கிடைக்கவில்லை. நல்லவேளை. வாயால் 'டுமீல்' என்று கத்திவிட்டு மாட்டிவைத்துவிட்டேன்.

சொல்லவா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் ஏட்டய்யா என்னைப் பார்த்துவிட்டார். முப்பது வருஷ சர்வீஸ், முகத்தைப் படிக்கத் தெரியாதா? "உங்க குண்டுங்களா சார்?" என்று கோலியை என் கையில் வைத்தார். பாய்க்கு 500 ரூபாய், பட்டறைக்கு கிரீஸ் காசு, எல்லாம் நான்தான் கொடுத்தேன். பெரியப்பா ரசீதை வாங்கி மடித்துக்கொண்டு, வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை.

இரவு அம்மாவிடம் கதையை முழுக்கச் சொன்னேன். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர், திடீரென்று நிறுத்தி, "என்ன துணின்னு சொன்ன?" என்றார்.

"காக்கித் துணிம்மா."

"அப்போ அந்த ஸ்கூல் டவுசர் பாக்கெட்ட எலி கடிக்கலையா?"