மூலப்பத்திரம் சுத்தம், கார்தான் மாறிவிட்டது

சொத்துப் பத்திரம் பார்த்து லீகல் ஒப்பீனியன் எழுதுவது எனக்குத் தொழில். மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய தேதி வரை ஒவ்வொரு கையாக எண்ணிக்கொண்டு வரவேண்டும். நடுவில் ஒரு கண்ணி விட்டிருந்தால் பேனாவை மூடிவிட வேண்டியதுதான். பழைய கார் பைத்தியம் இதற்குச் சம்பந்தமில்லாமல் தனியாக வளர்ந்தது. இரண்டும் ஒரே தாளில் சந்தித்தது, 1990இல் இங்கிலாந்து உயர் நீதிமன்ற நீதிபதி ஆட்டன் ஒரு பென்ட்லி காரைப் பற்றி எழுதிய தீர்ப்பில். எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை, இன்னும் அலுக்கவில்லை.

வழக்கு எளிமையானது. காரின் சொந்தக்காரர் அதை ஒரு கோடி பவுண்டுக்கு மிடில்பிரிட்ஜ் சிமிட்டர் என்ற கம்பெனிக்கு விற்கப் பேசி முடித்தார். பிறகு கம்பெனி பின்வாங்கியது. "நீங்கள் விற்பதாகச் சொன்னது 'ஓல்ட் நம்பர் ஒன்'. இது அது இல்லை" என்பது அவர்கள் கட்சி.

ஓல்ட் நம்பர் ஒன் யார் என்று கார்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆறு சிலிண்டர், ஆறரை லிட்டர் இன்ஜின் கொண்ட 'ஸ்பீட் சிக்ஸ்' மாடல் பென்ட்லி. 1929இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வூல்ஃப் பர்னாட்டோவும் டிம் பிர்க்கினும் மாறி மாறி ஓட்டி 2,843 கிலோமீட்டர் போய் ஜெயித்தார்கள். முதல் நான்கு இடமும் அந்த வருடம் பென்ட்லிக்கே. அடுத்த வருடம் அதே கார், பர்னாட்டோவுடன் இம்முறை க்ளென் கிட்ஸ்டன், 2,930 கிலோமீட்டர், மறுபடியும் முதலிடம். ஒரே கார் அடுத்தடுத்து இரண்டு தடவை லெ மானில் ஜெயித்தது அதுவே முதல் தடவை. (1929இல் பந்தய எண் 1. 1930இல் 4. பெயர் மட்டும் 'ஒன்' என்றே ஒட்டிக்கொண்டது.)

பர்னாட்டோ தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கச் சொத்தின் வாரிசு. பென்ட்லி கம்பெனியில் பணத்தைக் கொட்டி அதன் தலைவராகவே ஆனவர். லெ மானுக்கு மூன்றே தடவை போனார், மூன்றிலும் ஜெயித்தார். அவ்வளவு பணத்தாலும் கம்பெனியைக் காப்பாற்ற முடியவில்லை. 1931இல் அது ரோல்ஸ் ராய்ஸ் கைக்குப் போனது. கார் பர்னாட்டோவிடம் இருந்தது. 1932க்கு அதில் 8 லிட்டர் இன்ஜினைப் பொருத்தி, ப்ரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் 500 மைல் பந்தயத்துக்கு விட்டார்கள். அண்ணன் தம்பிகளான ஜாக் டன்ஃபியும் கிளைவ் டன்ஃபியும் ஓட்டினார்கள். அந்த செப்டம்பர் 24 அன்று கிளைவ் ஓட்டிக்கொண்டிருந்தபோது, சரிந்த கான்கிரீட் மேட்டின் விளிம்பைத் தாண்டி கார் வெளியே பறந்தது. கிளைவ் இறந்துபோனார். சிதைந்த காரை பர்னாட்டோ தூக்கி எறியவில்லை. சாலையில் ஓட்டும் மூடிய கூப்பேயாகக் கட்டவைத்தார்.

இப்போது நீதிபதியின் வேலைக்கு வருவோம். நிபுணர்கள் சொன்னதையெல்லாம் கேட்டு, எந்த வருடத்து இரும்பு எவ்வளவு மிச்சம் என்று அவர் ஒரு கணக்கெடுத்தார். 1929 காரில் இருந்தது என்று சொல்ல, தேதி நிர்ணயிக்க முடியாத சில்லறைப் பொருத்துகளைத் தவிர ஒன்றுமில்லை. 1930இல் ஜெயித்த காரில் மிச்சம் மூன்று: பெடல்களைத் தாங்கும் பெடல் ஷாஃப்ட், கியர்பாக்ஸின் மேற்கூடு, ஸ்டீயரிங் சக்கரத்தைத் தாங்கும் தண்டான ஸ்டீயரிங் காலம். 1932இன் காரிலிருந்துதான் சேஸி எனும் அடிச்சட்டம், ஸ்பிரிங்குகள், முன் அச்சு, 8 லிட்டர் இன்ஜின் என்று ஓரளவு தேறியது.

முதல் தடவை இந்த இடத்தில் நான் தீர்ப்பை மூடிவிட்டேன். போச்சு, விற்றவர் தோற்றார் என்றுதான் நினைத்தேன். ஜெயித்தவர் அவர்தான்.

பந்தயக் கார் பட்டறையில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிரித்து மேயப்படும். தேய்ந்தது போகும், வலுவானது வரும். அப்படி வந்த ஒவ்வொரு பாகமும், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு காரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தது. எந்த ஒரு நாளிலும் கார் 'இல்லாமல்' போகவில்லை என்றார் ஆட்டன். 1929இல் பட்டறையை விட்டு வந்ததிலிருந்து வரலாறு அறுபடவேயில்லை. அதோடு, அந்தப் பெயருக்கு உரிமை கோரக்கூடிய இன்னொரு பென்ட்லி உலகத்தில் கிடையாது. ஆகவே 'ஒரிஜினல்' என்று சொல்ல முடியாது, ஆனால் உண்மையான ஓல்ட் நம்பர் ஒன் இதுதான். நாம் 'அசல்' என்ற ஒரே சொல்லுக்குள் இந்த இரண்டையும் அமுக்கிவிடுகிறோம். அங்கே அந்த இடைவெளியின் விலை ஒரு கோடி பவுண்டு.

எதிர்ப்பக்கத்துக்கு ஓர் உதாரணமும் அதே பர்னாட்டோவிடமே கிடைக்கிறது. 1930 மார்ச்சில் தென் பிரான்ஸின் கான் நகரில் 100 பவுண்டு பந்தயம் கட்டினார்: அங்கிருந்து வடக்கே போகும் சொகுசு ரயிலான ப்ளூ ட்ரெயின் கலே துறைமுகத்தை அடைவதற்குள் நான் லண்டனில் என் கிளப்பில் இருப்பேன் என்று. நான்கு நிமிட வித்தியாசத்தில் ஜெயித்தார். அவர் ஓட்டியது என்று பல பத்தாண்டுகள் கொண்டாடப்பட்டது கர்னி நட்டிங் என்ற கம்பெனி உடல் கட்டிய ஒரு தாழ்ந்த கூரை ஸ்பீட் சிக்ஸ் கூப்பே. பார்த்தால் மூச்சு நின்றுவிடும். ரயிலோடு அது போட்டிபோடுவதாக ஓவியர் டெரன்ஸ் குனியோ படமே வரைந்தார். ஆனால் அந்தக் கார் பர்னாட்டோ கைக்கு வந்தது மே மாதம்! மார்ச்சில் ஓடியது முல்லினர் என்ற வேறொரு கம்பெனி உடல் கட்டிய சாதாரண நான்கு கதவு சலூன். ஒரு டெலிவரி தேதியை யாராவது சரியாகப் படித்திருந்தால் போதும். இரும்பெல்லாம் நிஜம், கதைதான் அடுத்த வீட்டுக் கதை.

ஆட்டனோடு எனக்கு முழுச் சம்மதமா என்றால், தொழில் புத்தி சம்மதிக்கிறது, கார்ப் புத்தி முரண்டுபிடிக்கிறது. வீட்டை இடித்துக் கட்டினாலும் சர்வே எண் மாறாது, சரி. ஆனால் வீட்டுக்கு அடியில் மண் இருக்கிறது. காரில் மண் எது? சேஸி என்பார்கள். இங்கே சேஸியே நடுவில் மாறியிருக்கிறது. அப்புறம், திறந்த பந்தயக் காருக்கும் கதவு மூடிப் போகும் கூப்பேக்கும் நடுவே ஒரு சாவு இருக்கிறது. அதையும் 'கொஞ்சம் கொஞ்சமாக' என்ற சொல்லுக்குள் அடக்க எனக்கு மனம் வரவில்லை. 1932 வரை அவர் சொல்வது தங்கம். அதற்குப் பிறகு கொஞ்சம் செம்பு கலந்திருக்கிறது.

இருந்தாலும் இந்தக் காரை வாங்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டிருந்தால் வாங்குங்கள் என்றுதான் எழுதியிருப்பேன். பந்தயப் பட்டறையிலிருந்து வழக்கு வரை சங்கிலி சுத்தம், வேறு உரிமை கோருபவர் இல்லை, வில்லங்கம் இல்லை. பெயர் என்ற இடத்தில் ஓல்ட் நம்பர் ஒன் என்றே போடுவேன். சொத்து விவரம் என்ற இடத்தில் மட்டும் 1929 என்று எழுதமாட்டேன். 1932இன் சேஸி, 8 லிட்டர் இன்ஜின், 1930இன் பெடல் ஷாஃப்ட் ஒன்று, கியர்பாக்ஸ் கூடு ஒன்று, பர்னாட்டோவும் கிட்ஸ்டனும் கைமாற்றிக்கொண்ட ஸ்டீயரிங் காலம் ஒன்று.